மொம்பாசாக் கோட்டையில் ஒரு கிணறு

ஈரமான மட்டையும் பசையும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் பட்டால், புலம்பெயர்ந்து வந்து ரெக்ஸ்டேலில் நாங்கள் குடியிருந்த எட்டாம் மாடி வீடும், அதன் சாப்பாட்டு மேசையை இரண்டு கிழமையாக அடைத்துக்கொண்டிருந்த மொம்பாசா நகரமும்தான் எனக்கு நினைவுக்கு வரும். வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வைகாசி மாதம் அது. எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, மகனோடும் மகளோடும் சண்டை கடைசியாகச் சுருங்கியிருந்த கடற்கரைத் துண்டுக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அப்பா வேலை முடிந்து நேரே போரை நிறுத்தக் கேட்கும் ஊர்வலங்களுக்குப் போய்விடுவார். அம்மா தொலைபேசியை மடியில் வைத்தபடி சோற்றைப் பிசைந்து, உண்ணாமலே எழும்பிவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான், குடும்பம் விட்டுவந்த ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றை மட்டையில் மாதிரியாகச் செய்துவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால், கென்யாவிலிருந்து வந்து நான்காம் மாடியில் இருந்த வகுப்புத் தோழி சல்மாவின் ஊரான மொம்பாசாவில் பங்கு கேட்டேன். உடுப்புத் தோய்க்கும் "லொண்டரி" அறையில் கிடந்த பெட்டிகளை வெட்டிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல, நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்: பள்ளிவாசலின் அழைப்பும் குஜராத்திக்காரரின் கோயில் மணியும் ஒன்றாகக் கேட்கும் ஒடுங்கிய தெருக்கள், கொடியும் பூவும் செதுக்கிய மரக்கதவுகள், கடலைப் பார்த்தபடி போர்த்துக்கீசர் பவளக்கல்லில் கட்டிய கோட்டை.

அந்தக் கோட்டையை அராபியர் ஏறக்குறைய மூன்று வருடம் முற்றுகையிட்டார்கள் என்றும், அடைக்கலம் தேடிப் போன ஊர்ச்சனமும் உள்ளே பசியிலும் நோயிலும் செத்துப்போனது என்றும் நூலகப் புத்தகத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு, அம்மா இருப்பதை மறந்து, உள்ளே சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களோ என்று தமிழில் கேட்டுவிட்டேன். சல்மாவுக்கு அது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. எழுந்து மேசையடிக்கு வந்தார்.

"அவளிட்டைக் கேள், உள்ளுக்கை தண்ணி இருந்ததோ எண்டு."

கேட்டேன். ஒரு கிணறு இருக்கிறதென்றும், சுற்றுலா போனபோது எட்டிப் பார்த்ததாகவும், ஆனால் அது உப்புத் தண்ணீர், கழுவத்தான் உதவும் என்றும் சல்மா சொன்னாள்.

"அப்ப குடிக்க?"

அது அவளுக்குத் தெரியவில்லை.

"பிறகேன் கிணத்தை விட்டிட்டியள்?" என்று சொல்லி, அம்மா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, மட்டைச் சுருள் ஒன்றை வெட்டி, கோட்டை முற்றத்தில் தன் கையாலேயே ஒரு கிணற்றை ஒட்டினார். பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கடல் வழியாகச் சாப்பாடு வந்ததோ, ஏன் ஒருவரும் உதவிக்கு வரவில்லை, கடைசியில் எத்தனை பேர் உயிரோடு வெளியே வந்தார்கள்? நான் மொழிபெயர்த்தேன், தெரியாதவற்றை நானும் சல்மாவும் மறுநாள் நூலகத்தில் தேடினோம். மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி ஒன்றும் இருந்தது, ஆனால் கோட்டையைப் பிடித்தவர்கள் பிந்திக் கட்டியதாம் என்று வந்து சொன்னபோது, அதை ஒட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அன்று எங்களோடு இருந்து சாப்பிட்டார்.

போர் முடிந்து சில கிழமைகளின் பின் இடம்பெயர்ந்தவர்களை அடைத்த முகாமிலிருந்து தொலைபேசியில் சித்தியின் குரல் வந்தது. "குடிக்கத் தண்ணி தாறாங்களோ?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. மகள் தன்னோடு இருப்பதாகச் சித்தி சொன்னார். மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கியபோது எங்கள் மொம்பாசாவும் குப்பைக்குப் போயிற்று. சல்மாவின் குடும்பம் மேற்கே எங்கோ குடிபெயர்ந்தது. நாங்கள் நகரத்துக்குக் கிழக்கே அஜக்ஸ் என்ற ஊருக்கு வந்துவிட்டோம். சில வருடங்களின் பின் மகளோடு வந்து சேர்ந்த சித்தி இப்போது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். காலையில் அம்மாவும் சித்தியும் மரக்கறி வெட்டியபடி காலநிலை, ரயில் தாமதம், தக்காளி விலை என்று எல்லாம் கதைக்கிறார்கள். முன்னூறு வருடத்துக்கு முந்திய முற்றுகையைப் பற்றி அத்தனையும் கேட்ட அம்மா, பக்கத்தில் இருக்கும் தங்கையிடம் அந்தக் கடற்கரையைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. நானும்தான்.