கழற்றச் சொன்னது நான்தான்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் எனக்கு ஒரு நூல் மில் இருக்கிறது. கணவர் போன பிறகு பத்து வருடமாக நான்தான் நடத்துகிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தில்தான் அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டுக்கு நூல் அனுப்ப வேண்டிய வாரம். பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷின் ஒன்று தூசி அடைத்து அடைத்து நின்றது. ஒவ்வொரு தடவையும் சுழலும் உருளை மேலிருக்கும் மூடியைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி ஓட்டுவதற்குள் பாதி ஷிப்ட் போய்விடுகிறது என்றார் மேனேஜர். "மூடியக் கழட்டி ஓரமா வச்சுட்டு ஓட்டுங்க. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்று கத்தினேன். மூன்றாம் நாள் அந்த மெஷினில், ஆத்தூரிலிருந்து மில் பஸ்ஸில் வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். வைத்தியம் முழுக்க மில் பொறுப்பு, வேலையும் அப்படியே இருக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கட்டுப்போட்ட கையைப் பார்க்க முடியாமல் ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

விசாரிக்க அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அவளே மூடியைத் திறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். என் கணவர் காலத்து மனிதர், எனக்குக் கெடுதல் நினைக்காதவர். மற்ற மில்காரர்களும் போனில் அதையேதான் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தால், அதிகாரி நாளைக்கு அவர்கள் மில்லிலும் வந்து மூடியைத் தேடுவாரே. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரி வந்து உட்கார்ந்ததும், கழற்றச் சொன்னது நான்தான் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

என் மேல் வழக்கு வந்தது. அது எதிர்பார்த்ததுதான். இப்படி ஆளில்லாமல் போவேன் என்றுதான் நினைக்கவில்லை. மேனேஜர் எனக்கு முன்பே அதிகாரியிடம், அவளே மூடியைத் திறந்தாள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். என்னால் அவர் பொய்யராகிவிட்டார். அடுத்த வாரம் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. காலையில் பஞ்சு விலை கேட்டு நாலு மில்காரர்களாவது கூப்பிடுவார்கள். அதுவும் நின்றது. சார்ஜ் இருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன். தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முழுக்க நிறைந்திருக்க, என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே கிடந்தன. இலையைப் பார்த்தபடி பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டும்போல இருந்தது.

யார் இல்லாவிட்டாலும் விரல் போன அந்தப் பெண் என் பக்கம் இருப்பாள் என்று ஆத்தூருக்குப் போனேன். ஒரு நல்ல வார்த்தை கேட்கத்தான் போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் வாசலில் இடது கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. அதிகாரியிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன் என்று நானே ஆரம்பித்தேன்.

"தெரியும் மேடம். பஸ்ல வாரவுகதான் சொன்னாக," என்றாள். "நீங்க சொல்லித்தான் கழட்டுனாகன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நாந்தான் கைய எங்கிட்டோ தப்பா வச்சுட்டேன்னு அம்புட்டு நாளும் என்னையவே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

அதிகாரிக்கு, வக்கீலுக்கு, மற்ற மில்காரர்களுக்கு என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது மட்டும் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீகள்ல, அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன்.

"இப்பவாச்சும் உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். அதிகாரியிடம் ஒரே மூச்சில் சொன்னதை அவளிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க," என்றாள். உட்காரச் சொல்லவில்லை.