வேலை நாளில் காய்ச்சிய மேப்பிள் பாகு

2001-ஆம் வருடம், பிப்ரவரி மாதக் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரில், பழைய வீடு ஒன்றின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான், என் கணவர், முதல் வகுப்புப் படிக்கும் மகள். கீழே இருந்த வீட்டுக்காரர் குளிர்காலம் முழுக்க ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவார். அதனால் பின்பக்கத் தோட்டமும், அதில் இருந்த இரண்டு பெரிய மேப்பிள் மரங்களும் அந்த மாதங்களில் எங்களுக்கே சொந்தம் மாதிரிதான்.

பொங்கல் முடிந்த கையோடு என் கணவருக்கு வேலை போய்விட்டது. அந்த வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. வேலை போனால் விசாவும் போன மாதிரி. வேறு கம்பெனி கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் விசாவில் நான் வேலைக்குப் போகவும் முடியாது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், யாருக்கும் தெரியக் கூடாது என்று இவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டதுதான். ஊரில் இருக்கிற மாமனார், மாமியாருக்குத் தெரிந்தால் கவலைப்படுவார்கள், சரி. ஆனால் இங்கே இருக்கிற தமிழ் நண்பர்களுக்கும் தெரியக் கூடாதாம். ஒரு வீட்டில் சொன்னால் அந்த வாரக் கடைசிக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும், அப்புறம் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாங்களே மற்றவர்களை அப்படிப் பார்த்தவர்கள்தானே.

தினமும் காலையில் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் ஊர் லைப்ரரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் லைப்ரரிக்குப் போவார். அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு நண்பர் பகலில் ஆபீஸில் இருப்பார் என்பதால் பயமில்லை. லைப்ரரியில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணுவார், சாயங்காலம் சரியான நேரத்துக்குத் திரும்பி வருவார். எனக்கானால் பொய் சொன்னால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

நாளாக நாளாக இவர் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சொல்வதில்லை. எனக்கு வேலையை விட அதுதான் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். வீட்டிலேயே மேப்பிள் மரத்துப் பாலை இறக்கிப் பாகு காய்ச்சுவது எப்படி என்று அதில் போட்டிருந்தது. ராத்திரி உறைகிற குளிர், பகலில் கொஞ்சம் வெயில், இப்படி இருக்கிற சில வாரங்களில்தான் அந்த மரத்தில் பால் ஓடுமாம். வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேட்டார். மரம் சாகாது என்றால் ஓட்டை போட்டுக்கொள் என்றார் அவர்.

கடையில் சின்ன உலோகக் குழாய்கள் வாங்கி வந்து, மரத்தில் துளை போட்டுச் செருகினார். கீழே காலிப் பால் கேன்களைக் கட்டித் தொங்கவிட்டார். தினமும் தயிர் தோய்க்கிற வீட்டில் பால் கேனுக்கா பஞ்சம்? மறுநாள் வெயில் வந்ததும் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. பால் என்கிறோமே தவிர, பார்த்தால் வெறும் தண்ணீர்தான். வாயில் விட்டால் எங்கேயோ ஒரு மூலையில் இனிப்பு தெரியும். இதைக் காய்ச்சி நாற்பது பங்கு ஒரு பங்காக வற்ற வைத்தால்தான் பாகு.

முதல் தடவை சமையலறை அடுப்பில் வைத்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆவி. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, சுவரெல்லாம் பிசுபிசு என்று ஆனது, ஸ்மோக் அலாரம் வேறு கத்திக்கொண்டே இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த வால்பேப்பர் ஒரு ஓரத்தில் உரிந்து தொங்கியதைப் பார்த்ததும், இனி வெளியே வைத்துச் செய்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் விடுகிற மாதிரி தெரியவில்லை. அந்த மரத்தடியில் நிற்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்கும் பிக்னிக்குக்கும் சமைக்க ஒரு பெரிய அலுமினிய அண்டாவும், தனி கேஸ் அடுப்பும் உண்டு. பொங்கல் முடிந்ததிலிருந்து அவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் நண்பர் வீட்டு கராஜில்தான் இருந்தன. நண்பரின் மனைவிக்கு போன் செய்து, ஒரு வாரத்துக்கு அண்டாவும் அடுப்பும் வேண்டும் என்று கேட்டேன். சனிக்கிழமை கொண்டுவரச் சொல்கிறேன் என்றாள்.

ஆனால் நண்பர் புதன்கிழமை முற்பகலிலேயே கொண்டுவந்துவிட்டார். டை கட்டி, ஷூ போட்டு, காரின் பின்னால் அண்டாவோடு வந்து இறங்கினார். லைப்ரரிக்குப் போகாமல் அன்று பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்த என் கணவர் லுங்கிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட கோலத்தில் அவர் எதிரே போய் நின்றார்.

"இன்னிக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்" என்றார் இவர்.

"எனக்கும் இந்தப் பக்கம் ஒரு கிளையன்ட் மீட்டிங். அப்படியே டிராப் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் அவர்.

வந்தவர் போகவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்தார். பால் பொங்கி நுரை ஏறியபோது ஒரு சொட்டு நெய் விட்டால் அடங்கும் என்று நான் சொல்ல, விட்டுப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். மீட்டிங்குக்கு நேரமாகவில்லையா என்று கேட்டதற்கு, தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றார். வியாழக்கிழமையும் வந்தார், அண்டா சரியாக இருக்கிறதா என்று பார்க்க. வெள்ளிக்கிழமை காரணம் எதுவும் சொல்லாமலே வந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று நாள் பாலும் வற்றி, அண்டாவின் அடியில் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இந்தக் கடைசிக் கட்டத்தில் கண்ணை எடுக்கவே கூடாது. நான் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் பேப்பர் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். இரண்டு பேரும் மடக்கு நாற்காலி போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் கதை அளந்துகொண்டிருந்தார். அவருடைய மேனேஜர் நேற்று மீட்டிங்கில் என்ன சொன்னான், இவர் அதற்கு என்ன பதில் கொடுத்தார் என்று ஒரே நீட்டி முழக்கல். அதைக் கேட்டு நண்பரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"மேனேஜரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இவருக்கு வேலை போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. நான் சாதத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது.

நண்பர் கரண்டியை எடுத்து அண்டாவை ஒரு தடவை கிளறினார். அப்புறம் மெதுவாக, "எனக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க. வீட்ல இன்னும் சொல்லல" என்றார்.

என் கணவர்தான், "அப்போ பகல்ல எங்க இருப்பீங்க?" என்று கேட்டார்.

"உங்க ஊர் லைப்ரரிலதான். எங்க ஊர்ல யாராவது பாத்துடுவாங்களே. இங்க நீங்க ஒருத்தர்தான் தெரிஞ்சவர், நீங்கதான் ஆபீஸ்ல இருப்பீங்களே."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன். தானும் நண்பரின் ஊர் லைப்ரரியில்தான் உட்கார்ந்திருந்ததாக இவர் சொன்னதும் நண்பருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு இல்லை அது என்று எங்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அண்டாவின் ஞாபகமே வந்தது. அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற பழக்கத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டேன். டங்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. பாகுப் பதமெல்லாம் எப்போதோ தாண்டிப்போய், ஓரத்தில் வெல்லமாகவும் அடியில் கரியாகவும் ஆகியிருந்தது. ஓரத்தில் நல்லதாக இருந்ததைச் சுரண்டி நண்பருக்கு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று என் கணவர் அவரிடம் சொன்னார். மறைக்கச் சொன்னவரே இதைச் சொல்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான்.

சனிக்கிழமை காலையில் நண்பரின் மனைவி தனியாக காரில் வந்து இறங்கினாள். வாங்க என்றேன். நேரே பின்பக்கம் போய் அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"சங்கத்துப் பாத்திரத்தை இப்படிக் கரி புடிக்க வெச்சுட்டீங்களே" என்றாள். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது.

வெந்நீரும் இரும்பு நாரும் கொடுங்கள் என்று கேட்டாள். அந்தக் குளிரில் பின்பக்கப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தேய்த்தோம். தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"வேலை போனதுக்கு எனக்குக் கோவமே இல்லங்க. தினமும் காலைல எழுந்து சட்டை அயர்ன் பண்ணிக் குடுத்தேன் பாருங்க, அதான் தாங்க முடியல. எங்க போறார்னே தெரியாம அயர்ன் பண்ணியிருக்கேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் கரிதான்.

அழுது முடித்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு போனை எடுத்துச் சங்கத்தில் தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் போன் போட்டு, இந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை, எங்காவது ஓபனிங் இருந்தால் சொல்லுங்கள் என்று கூச்சப்படாமல் கேட்டாள். பக்கத்து அறையில் என் கணவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். யாரும் கேலி செய்யவில்லை. சொல்லப்போனால், எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று மெல்லிய குரலில் சொன்னவர்களும் இருந்தார்கள். இவ்வளவு நாளும் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். அடுத்த வாரம் பால் இறக்கியபோது எங்கள் தோட்டத்தில் டை கட்டாத ஆண்கள் கூட்டம் ஒன்று அடுப்பைச் சுற்றி நின்று ரெஸ்யூமே திருத்திக்கொண்டிருந்தது. அந்தத் தடவை பாகு நன்றாகவே வந்தது. என் மகள் அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அப்படி வந்த ஒரு போன் மூலமாகத்தான் பென்சில்வேனியாவில் ஒரு கம்பெனியில் என் கணவருக்கு வேலை கிடைத்தது. முதலில் அந்தத் தகவல் வந்தது நண்பருக்குத்தான். அது தனக்குப் பழக்கமான வேலை இல்லை, என் கணவருக்குத்தான் பொருந்தும் என்று சொல்லி, இன்டர்வியூவுக்கு அவரே காரில் கூட்டிப்போனார். அவருக்கு மட்டும் கடைசிவரை எதுவும் அமையவில்லை. கோடை ஆரம்பத்தில் அவர்கள் கோயம்புத்தூருக்கே திரும்புவது என்று முடிவு செய்தார்கள்.

ஏர்போர்ட்டில் வழியனுப்பும்போது எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற உறுத்தல். நண்பர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் மனைவிக்காகத் திரும்பி நின்றார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்:

"நாங்க எப்படியும் திரும்பித்தான் போயிருப்போங்க. ஆனா தனித்தனியா போயிருப்போம்."

அதற்குப் பிறகு எங்களுக்கு எத்தனையோ நல்லதும் கெட்டதும் வந்து போய்விட்டன. கெட்ட செய்தி எதுவானாலும் அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுகிறோம். நாலு பேருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்ற தைரியம் எங்களுக்கு அவள் கொடுத்துவிட்டுப் போனது.