ஈரச் சாக்கில் இருந்த விரால்

பணியில் இருந்த காலத்தில், கள்ளக்குறிச்சிக்குச் செய்தி சேகரிக்க வரும்போதெல்லாம் கல்வராயன் மலையைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. அடிவாரத்துக் கோமுகி அணைக்குப் போக நேரம் அமைந்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தூண்டில் போட வேண்டியது, மாட்டிய மீனில் மதியச் சாப்பாடு. பயணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் சாப்பிட்ட மீன், அன்று மூன்று மணிக்கு வெளிநாடு கிளம்பவிருந்த ஒரு பெண்ணுக்காகப் பிடித்தது. சாப்பிட்ட பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் காலை 6.10க்குப் பேருந்து ஏறினேன். கச்சிராயபாளையத்துக்கு நாற்பது நிமிடம். அங்கிருந்து அணைக்கு ஆட்டோ 120 ரூபாய். (பேரம் பேசினால் நூறுக்கு வருவார்கள். எனக்குக் காலையில் பேரம் வராது.) வழிகாட்டி ஏழுமலை பரிசலோடு கரையில் நின்றிருந்தார். உரிமம் பெற்ற மீனவர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய மனைவியின் தம்பி சேகர் சமையலுக்கு. சாப்பாட்டோடு ஆளுக்கு 900 ரூபாய்.

தண்ணீர் ஏறியிருக்கும் மாதங்களில் அணைக்குள் ஒரு மேடு தீவாகிவிடுகிறது. திட்டு என்கிறார்கள். பரிசலில் இருபத்தைந்து நிமிடம்.

“வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா சார்?” என்றார் சேகர்.

“இல்லை.”

“அப்ப சாயங்காலம் இன்னொரு திட்டு இருக்குது உங்களுக்கு.”

ஏழுமலை துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மண்புழு கோத்த என் தூண்டிலில் மூன்று மணி நேரத்தில் ஒன்பது ஜிலேபி மீன்கள் மாட்டின. எதுவும் உள்ளங்கையைவிடப் பெரிதில்லை. ஏழுமலை கோரைப்புல் ஓரமாகத் தவளை குத்தித் தனித் தூண்டில் போட்டிருந்தார். 10.40க்கு அது இழுத்தது. விரால். தராசில் தொங்கவிட்டார், ஒன்றேகால் கிலோ. ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்தார். அப்படி வைத்தால் விரால் பல மணி நேரம் உயிரோடு இருக்குமாம். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. குறிப்பேட்டில் எடையையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். மலர்ச்சிக்குக் காரணம் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் சேகர் சாக்கைத் தூக்கிக்கொண்டு பரிசலுக்கு நடந்தார். எங்கே என்றேன்.

“வூட்டுக்கு சார். குடுத்துட்டு வந்துட்றேன்.”

“அதையே குழம்பு வைக்கலாமே? கண்ணெதிரே பிடித்த மீனைச் சாப்பிடத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.”

சேகர் ஏழுமலையைப் பார்த்தார். “மாமா, அது...”

“சும்மா இர்றா. வந்தவரு வாயத் தொறந்து கேக்கறாரு. எறக்கி வை.”

அந்த ‘அது’வுக்குப் பின்னால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம், பாதியில் நின்ற வாக்கியங்களின் மீதியைக் கேட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அன்று எனக்குப் பசி.

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று கல் அடுப்பில் மண்சட்டியில் குழம்பு. புளி தூக்கல், மிளகாய் கம்மி. சோறு மூன்று முறை வாங்கினேன். ஏழுமலை வறுத்த ஜிலேபியை மட்டும் தொட்டுக்கொண்டார். விருந்தாளிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

கரை திரும்பியபோது மணி 2.10. புது சுடிதாரில், தலை நிறையப் பூவோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஏழுமலையின் மகள் சத்யா. குவைத்தில் நர்ஸ் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், மூன்று மணிக்கு விமான நிலையத்துக்கு வேன். இவ்வளவும் கரையில் நின்ற ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்தவை.

“இன்னாப்பா, மீன் புடிக்கப் போனியா, மீனுக்கு மாப்ள பாக்கப் போனியா? அம்மா திட்டிக்கினே இருக்குது. விராலு எங்க? விராலு கொழம்பு சாப்ட்டுட்டுதான் ஏறணும்னு ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்த?”

ஏழுமலை பரிசலை மேலே இழுத்தபடியே சொன்னார். “இன்னிக்கு ஒண்ணும் மாட்டலம்மா. ஜிலேபிதான்.”

சேகர் என்னைப் பார்த்தார்.

“சரி வுடு. ரெண்டு வருசத்துல ஒண்ணுகூடவா மாட்டாது? வந்து சாப்ட்டுக்கறேன்,” என்று அவள் அப்பாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கையில் குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் ஏழுமலையைப் பொய்யராக்கிவிடுவேன் என்று, திரும்பும் ஆட்டோவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமல்ல. வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல மாதங்கள். தொப்பி, குடிதண்ணீர், சில்லறை நோட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. ஜிலேபி வறுவலே போதுமான ருசி. சாக்கில் ஒரு மீனைத் தனியாக எடுத்து வைத்திருந்தால், அது யாருக்கு என்று முதலில் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதவரிடம் சொல்ல மாட்டார்கள்.

நாளிதழில் தவறான தகவல் வந்துவிட்டால் மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். இந்தப் பதிவு சத்யாவின் கண்ணில் படலாம். அவருக்காக ஒரு திருத்தம்: அன்று விரால் மாட்டியது. காலை 10.40 மணி, ஒன்றேகால் கிலோ. பிடித்தவர் உங்கள் அப்பா. சாப்பிட்டது நான்.