கூடையில் கிடந்த போன்

ஆனைக்குட்டம் பக்கம் ஆற்றை ஒட்டிய சாலையில் காலையில் சைக்கிள் ஓட்டுவது என் வழக்கம். மேடு பள்ளம் அதிகமில்லாத சாலை. வழியில் ஒரு டீக்கடையில்தான் அவரைப் பார்ப்பேன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்குபவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத அலுமினியப் பொடி அவர் காது மடலில் மினுங்கும்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் டீக்கடை அக்காவின் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். மருந்து கலக்கும் அவர் மட்டும் போனை அணைத்துவிட்டுப் போடுவார்.

"எதுக்குண்ணே ஆஃப் பண்ணுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கனயாவது வெடிச் சத்தம் கேட்டா வீட்ல இருந்து போன் மேல போன் போடுவாக, தம்பி. அக்கா பாவம், எம்புட்டுப் பேருக்குத்தான் பதில் சொல்லும்?" சொல்லிக்கொண்டே என் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்து கம்மியா இருக்கு. வெயிலுக்கு முன்னாடி வீடு போய்ச் சேருங்க."

அன்று நான் திரும்பி வரும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆலைகள் இருக்கும் திசையில் பெரிய சத்தம் கேட்டது. ஹேண்டில்பார் கையில் அதிர்ந்தது. டீக்கடைக்கு வேகமாக மிதித்து வந்தேன்.

கூடையில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா எதையும் எடுக்காமல் நின்றிருந்தார்.

மருந்து கலக்குபவர் அணைத்துப் போட்ட போன் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.