பொற்கொடி அம்மணியின் பதினான்காம் துண்டு

ஈமெயிலில் "க்விட்" என்று அடித்து முடித்த பிறகுதான் பொற்கொடி மரியாதையாகப் பேச ஆரம்பிப்பார். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் ஏவல். எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும் என்று "ஓப்பன்" ஒரு வரி. எதை எடுத்து வர வேண்டும் என்று "கெட்" ஒரு வரி. வேலை முடிந்தது, போகலாம் என்று "க்விட்". அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று இங்கிலீஷில் அடித்து, பெயரும் போட்டால்தான் அவர் கை ஓயும். அதை வாங்கப்போவது சீமையில் இருக்கும் ஒரு எந்திரம். மனுஷர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

முதல் தடவை இந்த மரியாதையை மேலேயே அடித்து அனுப்பிவிட்டார். எந்திரம் ஒவ்வொரு வரியையும் கட்டளை என்று நினைத்துக்கொண்டு, புரியவில்லை, புரியவில்லை என்று திருப்பி எழுதியது.

"பதினோரு வரிக்குப் பதினோரு வாட்டி புரியலீன்னு அனுப்பிப்போட்டுதுங்கண்ணா. வணக்கங்கூடவா புரியாது அதுக்கு?"

க்விட் என்ற சொல்லுக்குப் பிறகு வருவதை எந்திரம் பார்க்கவே பார்க்காது என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து மரியாதை கீழே இறங்கிவிட்டது. "அதுதான் பாக்காதே, அப்புறம் எதுக்கு அம்மணி கை வலிக்க அடிக்கறீங்க?" என்று கேட்டேன். "அது பாக்காட்டிப் போகுதுங்க. நாம எழுதோணுமில்லீங்க" என்றார்.

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது அவருடைய டைப்பிங் இன்ஸ்டிட்யூட். பன்னிரண்டு டைப் மெஷின். மூலையில் பூத்துவாலை போர்த்தி ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் போனோடு சேர்த்த மோடம். அந்த மோடம் வெளியூருக்குப் பேச ஆரம்பித்தால் கீழே டவுன் பஸ் அடிக்கிற ஹாரனே தேவலை என்று இருக்கும். அது கத்தி முடிக்கும்வரை பொற்கொடி கண்ணை இறுக மூடிக்கொள்வார். "பூனை வால மிதிச்சாப்பல இருக்குதுங்க. என்னால பாக்க முடியாது." சத்தத்தைப் பார்க்க முடியாது என்று சொன்னவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். மகள் இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்து, இருபது வருடமாக ஊருக்கெல்லாம் மனு அடித்துக்கொடுக்கிறார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். வீட்டுக்காரர் சென்னியப்பன், மில் மூடிய பிறகு மொபெட்டில் ஈமெயில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆமாம், ஈமெயிலைத்தான். ஊரில் ஒன்பது பேருக்கு இந்த ஒரே கணக்கில்தான் மெயில் வருகிறது. வந்ததை இறக்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இடம் கொஞ்சம் என்பதால் உடனே அழிக்க வேண்டும், தாளை வீடு தேடிக் கொடுக்க வேண்டும். பொற்கொடி போட்ட சட்டம் இது.

நான் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைதான். இங்கிலீஷ் எழுத்து தெரியும், அதுவும் டிராயிங் பார்த்துப் பார்த்து வந்தது. போன வருடம், தொண்ணூற்றாறில், கம்ப்யூட்டர் வைத்துத் துளை போடுகிற பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். பம்பு கம்பெனி ஒன்று தட்டு ஆர்டர் தருவதாகச் சொன்னதை நம்பி வாங்கியது. நாலு ஆளும் சேர்த்தாயிற்று. பத்தாம் நாள் மெஷின் நின்றது. அதை ஓட்டுகிற புரோகிராம் இருந்த பிளாப்பியில் பூசணம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து பம்பு கம்பெனி ஆள் வந்து முதல் தட்டைப் பார்ப்பார். தட்டு இல்லையென்றால் ஆர்டர் வேறு பட்டறைக்கு. மெஷின் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, புரோகிராம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இன்டர்நெட் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு எட்டியது ஈமெயில் மட்டும்தான். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நேராகப் போய் எடுக்க வழி கிடையாது. ஆனால் கடிதம் போட்டால் நமக்குப் பதிலாக உள்ளே போய் எடுத்துவர சீமையில் அந்த எந்திரம் உண்டு. எடுத்ததைக் கடிதத்தில் அடங்குகிற அளவுக்கு நறுக்கி, எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி அனுப்பும். பார்த்தால் தலை சுற்றும். வரிக்கு வரி எம் என்று ஆரம்பித்து, பிறகு டாலர், நட்சத்திரம், கேள்விக்குறி என்று கொட்டிக் கிடக்கும். எல்லாத் துண்டையும் வரிசையாக ஒட்டினால் புரோகிராம் ஆகிவிடும். ஒன்று குறைந்தாலும் அத்தனையும் குப்பை.

என் புரோகிராம் இருபத்திரண்டு துண்டு. வர வர ஒரு பிளாப்பியில் சேர்த்துக்கொண்டே வந்தார். புதன்கிழமை மத்தியானம் எண்ணினால் இருபத்தொன்று. பதினான்காவது இல்லை. மறுபடி கேட்டு எழுதினார். தங்களுக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள் என்று பதில் வந்தது. நாலைந்து நாள் ஆகும்.

பொற்கொடி கொண்டைப் பென்சிலை உருவி மேசையில் தட்டினார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம நான் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப மெயில் எறக்குனது நீங்கதான?"

"நாந்தான். ரெண்டு வந்துது. ரெண்டும் கலீல் பாய்க்குத்தான். குடுத்துப்போட்டேன்."

"ரெண்டும் பாய்க்குன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணு துபாய்ல இருந்து அவரு தம்பி எழுதுனது. இன்னொண்ணு படிக்க முடியல. சரி, குடும்ப விசயமா இருக்கும், நமக்கெதுக்குன்னு அச்சடிச்சு ஒட்டிக் குடுத்தேன்."

"கம்ப்யூட்டர்ல?"

"அழிச்சாச்சு. அச்சடிச்சதும் அழிச்சுப்போடோணும்னு நீதான சட்டம் போட்ட?"

பொற்கொடி பென்சிலைத் திரும்பக் கொண்டையில் சொருகினார். சென்னியப்பன் பேசாமல் இருக்க முடியாதவர். "பாய் ஒண்ணும் கொற சொல்லலயே அம்மணி" என்றார்.

உக்கடத்தில் கலீல் ரஹ்மானின் அத்தர் கடைக்கு மூவருமாகப் போனோம். அவர் பீரோவைத் திறந்து, சென்னியப்பன் கொடுத்த ஏழு தாளையும் மடிப்புக் கலையாமல் எடுத்துவந்தார்.

"மூணு நாளா கண்ணாடியப் போட்டுப் போட்டுப் பாக்கறேன்மா. தம்பி ஏதோ ரகசியமா எழுதறான், சொத்து விசயம்னு நெனச்சேன். பொஞ்சாதிகிட்டக்கூடக் காட்டல."

"ரகசியந்தானுங்க பாய். ஆனா இவுரு பட்டறை ரகசியம்" என்றார் பொற்கொடி.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்து எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு வரி. வரிக்கு அறுபத்தொரு எழுத்து. எண்ணி முடித்து, "அடிச்சுப்போடலாமுங்கண்ணா" என்றார். எதை என்று கேட்டேன். "இதைப் பாத்து நான் திருப்பி அடிச்சுப்போடறேன். அர்த்தம் இருந்தாத்தான் அடிப்பேன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்களே. வக்கீல் மனுவெல்லாம் எனக்குப் புரிஞ்சா அடிக்கறேன்?"

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு விட்டுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கிற வரிக்குக் கீழே ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, தாளை மட்டும் பார்த்தார். சென்னியப்பன் டீ வாங்கிவந்து நீட்டினார். "தள்ளி வைங்க. இதுல ஒரு சொட்டு ஊத்துனாலும் உங்கள அச்சடிச்சு பாய்க்கே அனுப்பிப்போடுவேன்" என்றார், அடிப்பதை நிறுத்தாமல். மனுஷன் டீயோடு வாசலில் போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது வரி முடிந்தது. இருபத்திரண்டையும் ஒட்டிப் புரோகிராமாக மாற்றும்படி கட்டளை அடித்தார். கோப்பு கெட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிற்று. இன்னொரு முறை சொன்னோம். அதுவும் இன்னொரு முறை சொல்லிற்று.

பட்டறையில் புதிதாகச் சேர்த்த நாலு ஆளின் முகமும் வரிசையாக என் கண்ணில் வந்தது. பொற்கொடி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்தாயிரம் எழுத்தில் எங்கே என்று தேடுவது?

"அடிச்சத அச்சடிங்க அம்மணி" என்றேன். என் பட்டறையில் கேஸ்கட் வெட்டினால் அளவு நாடா எடுக்க மாட்டேன். பழையதன் மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் பிடிப்பேன், வித்தியாசம் தானே கண்ணைக் குத்தும். மேற்கு ஜன்னலில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கலீல் பாயின் தாள் மேல் பொற்கொடியின் தாளைப் பொருத்திக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். முதல் மூன்று தாள் ஒரே எழுத்துப்போல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. நாலாவது தாளில் சில வரிகள் நடுவிலிருந்து எழுத்து மேல் எழுத்து ஏறிப் புகைந்து, கடைசியில் ஒரு எழுத்து நூல் பிசகி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பொற்கொடி கிட்ட வந்து பார்த்தார். நீட்டிய வரி ஒவ்வொன்றிலும் ஒரு முற்றுப்புள்ளி. புள்ளிக்குப் பிறகு ஒரு காலி இடம்.

"அய்யோ. புள்ளி வெச்சா இடம் உடோணும்னு ஆயிரம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கறனுங்க. காலைல கைய அடக்கி வெச்சிருந்தேன். மத்தியானம் அலுத்துப்போயி தானா தட்டிப்போட்டுது."

முப்பத்தேழு இடம். நான் ஜன்னலில் பார்த்து வரி எண் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக அழித்தார். மறுபடி ஒட்டினோம். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு புரோகிராமின் பெயர் மட்டும் திரையில் வந்து நின்றது. சென்னியப்பன் வாசலிலிருந்து, "ஆச்சா? இப்ப டீ குடிக்கலாமா?" என்றார். ஆறிப்போயிருந்தது. மூவரும் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மெஷின் முதல் தட்டை முடித்துத் துப்பியது. துடைத்து மேசையில் வைத்தபோது வாசலில் மொபெட் வந்து நின்றது. பொற்கொடி பட்டறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. எண்ணெய்த் தரையில் செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார்.

"இதுக்குத்தானுங்களா?"

"இதுக்குத்தான் அம்மணி."

டிராயிங் எங்கே என்று கேட்டு வாங்கிப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். தட்டில் மொத்தம் முப்பத்தாறு துளை. சுண்டுவிரலை முதல் துளையில் விட்டார், டிராயிங்கைப் பார்த்தார், அடுத்ததில் விட்டார். உதடு மட்டும் அசைந்தது.

மெட்ராஸ்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். டை கட்டியிருந்தார். பெட்டியைத் திறந்து அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு, தட்டுக்காகக் கையை நீட்டினார். எனக்குப் பதறிவிட்டது. "அம்மணி, சாரு வந்துட்டாருங்க, குடுத்துருங்க" என்றேன்.

பொற்கொடி நிமிரவில்லை. இருபத்தொன்பதாவது துளையில் இருந்த சுண்டுவிரலை எடுக்காமல், இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை மெட்ராஸ்காரர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.