தலையாட்டி வாங்கிய சாலை

ஸ்லாவ்கா வேலை செய்யும் பேக்கரி, புதிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே இறங்க வழியில்லை. தினமும் காரிலிருந்து பேக்கரிக்குக் கையசைத்துவிட்டு, அடுத்த ஊர்வரை போய்த் திரும்பி வர வேண்டும்.

"இன்னைக்கும் லேட்டாம்மா?" என்பார் முதலாளி கிர்சோ.

"என்னை ஏன் கேக்குறீங்க? அன்னைக்கு ஆட்டின உங்க தலையைக் கேளுங்க!"

சாலை போட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் "இங்கே இறங்குவழி வேண்டுமா?" என்று கேட்டபோது, பல்கேரிய வழக்கப்படி 'ஆமாம்' என்று ஊரே தலையை இடவலமாக ஆட்டியது. அவர் வேண்டாமென்று எடுத்துக்கொண்டார்.

நேற்று அவர் மறுபடி வந்து அதையே கேட்டார். ஸ்லாவ்கா முந்திக்கொண்டு, அவர் ஊர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையை மேலும் கீழும் பலமாக ஆட்டினாள்.

"உங்க வழக்கத்தை இப்போ நல்லாக் கத்துக்கிட்டேங்க," என்று சிரித்தார் அவர். "வேண்டாம்னா விடுங்க!"