மரக்கறித் தோட்டத்தில் ஒரு மறைப்பு

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார் இசபெல் அக்கா. ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தி, லீக்ஸும் கரட்டும் போட்டுப் பிழைத்தார். நடுவில் ஒரு மரத்தக்காளி. அந்த மண்ணைத் தவிர அவருக்கென்று ஒன்றும் கிடையாது.

நான் நானுஓயாவில் வேன் ஓட்டுபவன். மரத்தக்காளி தின்ன வரும் மஞ்சள் காதுக் குருவியைக் கிட்டத்திலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று, வேனில் வந்த ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். அவரை அக்காவிடம் கூட்டிப் போனேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்குச் சாக்குகளைக் கம்பில் இழுத்துக் கட்டி, ஆள் ஒளிந்து உட்கார அக்காவே ஒரு மறைப்பு செய்து கொடுத்தார். ஆள் உள்ளே போனதைப் பார்த்த குருவிகள் கிட்டவே வரவில்லை. அதற்கும் அக்காதான் வழி கண்டுபிடித்தார். அவரும் கூடவே உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் தனியாக வெளியே வந்து லயத்துக்கு நடப்பார். வந்த ஆள் போய்விட்டார் என்று குருவிகள் நம்பிவிடும். குருவிக்குக் கணக்குத் தெரியாது.

படம் பேர் வாங்கியது. அதுதான் வினையாகப் போனது. தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்களின் கண் அந்தத் துண்டு நிலத்தில் விழுந்தது. அவர்களுடைய மேற்பார்வையாளர் கணேசமூர்த்தி கம்பிச் சுருளோடு வந்து நின்றார்.

"கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து நான் கொத்துன மண்ணுங்க ஐயா."

"கொத்துனீங்க, யாரு இல்லைன்னா? காணி உறுதி இருக்கா?"

எந்த லயத்து ஆளிடம் காணிப் பத்திரம் இருக்கிறது? அது தெரிந்துதான் கேட்டான் அந்த மனுஷன். லீக்ஸைப் பிடுங்கி எறிந்தார்கள். மரத்தக்காளியைக் குருவிக்காக விட்டுவைத்தார்கள். சுற்றி வேலி போட்டு, கண்ணாடி வைத்த பலகைக் குடில் ஒன்றை எழுப்பினார்கள். ஆனால் ஹோட்டல் விருந்தாளிகள் உள்ளே போய் எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் ஒரு குருவிகூட இறங்கவில்லை. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அக்காவின் தந்திரம் எப்படியோ காதில் விழ, கணேசமூர்த்தி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். விருந்தாளியோடு குடிலுக்குள் போய், தனியாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் வேலை. அக்கா ஒப்புக்கொண்டார்.

"மானங்கெட்டு ஏன்க்கா போறீங்க?" என்றேன்.

"போகாட்டி அந்தப் பக்கமே விட மாட்டாங்க தம்பி. மரத்துக்குத் தண்ணி ஊத்தவாவது உள்ள போறேன்ல."



போன வாரம் ஒரு விருந்தாளியை இறக்கிவிட்டு வேலிக்கு வெளியே நின்றேன். அக்கா அவரைக் குடிலில் விட்டுவிட்டுத் திரும்பினார். பாதி வழியில் குனிந்து புல் பிடுங்க ஆரம்பித்தார். தப்பி முளைத்திருந்த ஒரு லீக்ஸ் நாற்றுக்கு மண் அணைத்தார். குடிலுக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் வெளியே வந்ததும் காவல்காரன் வேலிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகுதான் குருவி இறங்கியது.